தலை அலசத் தெரியாதவள்

என் தலையை நானே அலசிக்கொள்ளத் தொடங்கியது கல்யாணத்துக்குப் பிறகுதான். சொன்னால் சிரிப்பார்கள். முதுகலை முடித்து, கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுகூட, ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக் குனிந்து உட்கார்ந்துவிடுவேன். அம்மாதான் தேய்ப்பாள், அம்மாதான் அலசுவாள். ஒரு கைப்பிடிக்குள் அடங்காத முடி எனக்கு. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதனால் குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் குடத்தில் தனியாகப் பிடித்துவைத்து, கடைசியில் அதை ஊற்றி அலசிவிடுவாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருப்பது மட்டுமே என் வேலை.

சிதம்பரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பேசியதும் இந்த முடியைப் பற்றித்தான். கல்யாணமான பிறகும், வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் என் பின்னலைத் தூக்கிக் காட்டுவார். “சவுரி கிவுரி ஒண்ணும் கெடையாது. எல்லாம் அவ முடிதான்.” எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

அந்த வீட்டில் ஒரே ஒரு குளியலறை. நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆனதும் வெளியே மாமனார் இருமுவார். அவருக்கு உண்மையிலேயே இருமல் இருந்தது. ஆனாலும் அது என்னைச் சீக்கிரம் வரச் சொல்வதாகவே எனக்குப் படும். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் புது மருமகள் பெயர்தானே அடிபடும் என்ற பயம் வேறு. ஷாம்பூவை உச்சந்தலையில் கொட்டி அவசரமாகத் தேய்ப்பேன். கண்டிஷனரை உள்ளங்கை நிறைய எடுத்துப் பூசுவேன். மேலோடு நாலு மக் தண்ணீர் ஊற்றி, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவேன். பிடரிப் பக்கம் உள்முடி வழவழவென்று இருக்கும். மிருதுவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். காய்ந்ததும் அதே இடம் பிசுபிசுக்கும். அதை மறைக்க சீரம் தடவுவேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் ஷாம்பூ. உப்புத் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைக்காமல் திரிகிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான். என் தலையில் என்ன சேர்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அரித்தால் யாரும் பார்க்காதபோது சொறிந்துகொண்டேன்.

நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது. வீடு நிறையப் பெண்கள். முடி நீளமாக இருக்கிறதே, நிறைய மல்லிகை வைக்கலாம் என்று என் கணவரின் சித்தி என்னைப் பிடித்துக் கூடத்தின் நடுவில் உட்காரவைத்தார். பின்னலைப் பிரித்து, பிடரியிலிருந்து மேலாக அழுத்தி வாரினார். சீப்பு பாதியில் நின்றது. இழுத்தார். திரும்பிப் பார்த்தேன். சீப்பின் பல்லெல்லாம் சாம்பல் நிறத்தில் மெழுகு போல் ஏதோ அப்பியிருந்தது.

“என்னா இது? ஈரா?” சித்தியின் குரல் எப்போதுமே பெரிசு.

பக்கத்தில் என்மீது சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை அதன் அம்மா மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

“ஈரு இல்ல, பொடுகு மாதிரி இருக்குது,” என்றாள் ஒருத்தி.

“தலை குளிக்கறதே இல்லயா என்னா?”

மாமியார் வளையல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாத்தனார் மட்டும், “விடுங்க சித்தி, நேரமாவுது,” என்றாள். பூ வைத்துவிட்டார்கள். சித்தி கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். பொய். அம்மா தலையை அலசிவிட வேண்டும், அவ்வளவுதான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கடலூர் வரும்வரை முந்தானையால் தலையை மூடிக்கொண்டே வந்தேன்.

போனவுடன் பின்வாசலில் ஸ்டூலைப் போட்டேன். அம்மா என் முடியைப் பிரித்துப் பார்த்தாள். மக்கில் தண்ணீர் மொண்டு தூக்கினாள். பாதி உயரத்தில் கை நின்றது. மக் நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

“கை மேல வரலம்மா,” என்று சிரித்தாள். “தோள்பட்ட புடிச்சிகிச்சி.”

“எப்பலேந்து?”

“அது ரொம்ப நாளா இருக்குது. உன் கல்யாணத்துக்கு முன்னாலயே. ஞாயித்துக்கெழமன்னா கொஞ்சம் ஜாஸ்தியா வலிக்கும். மாத்தர போட்டுக்குவேன்.”

எதனால் ஞாயிற்றுக்கிழமை என்று அவள் சொல்லவில்லை. கேட்க என்ன இருந்தது?

இடது கையால் மக்கை எடுக்கப் போனவளை உட்காரச் சொன்னேன். என் முடியை நானே வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமாக, விரல் நுனி மண்டையில் படும்படி தேய்த்தேன். தண்ணீரை ஊற்றியபடியே அடிமுடியைத் தூக்கித் தூக்கி அலசினேன். நுரை வந்துகொண்டே இருந்தது. போய்விட்டது என்று நினைத்தால், பிடரியிலிருந்து மறுபடியும் வெள்ளையாக இறங்கியது. கை வலித்தது. ஓய்வெடுத்து மறுபடி ஊற்றினேன். வாளிகள் காலியாகின. நிமிர்ந்து பார்த்தால், அம்மா நல்ல தண்ணீர்க் குடத்தை இடது கையால் தரையோடு தள்ளிக்கொண்டு வருகிறாள். முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் நான் அழுதது அவளுக்குத் தெரிந்திருக்காது. சாக்கடைக்குப் போகும் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசினேன். முடியை இழுத்தால் கீச்சென்றது.

சிதம்பரம் திரும்பியதும் மாமியாரிடம் உள்ளதைச் சொன்னேன். “தண்ணி தீந்துடுமோன்னு சரியா அலசாம வந்துட்டேன் அத்தை.”

அவர் முகம் சிறுத்துவிட்டது. “இந்த வீட்டுல உனக்குக் குளிக்கத் தண்ணி குடுக்கலன்னு உங்க அம்மாகிட்ட சொன்னியா?”

“ஐயோ, இல்லத்தை.”

அவமானம் என்னோடு நிற்கவில்லை, அவரையும் போய்த் தொட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்த ஞாயிறு நான் எழுவதற்கு முன்பே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. “நீங்க தெருக்குழாய்ல மூஞ்சி கழுவிக்குங்க. அவ தலைக்கு ஊத்திக்கிட்டு வர நேரமாவும்,” என்று மாமனாரிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார். கோபமா, பரிவா என்று தெரியவில்லை. நன்றாக அலசிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிசுபிசுப்பும் அரிப்பும் இல்லை. ஆனால் மாமியார் யாரிடமும் என் பின்னலைத் தூக்கிக் காட்டுவதில்லை.

அம்மாவை சிதம்பரத்துக்கு வரவழைத்து எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் அவள் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“கைக்கு ரொம்ப வேல குடுக்கறீங்களா? பாரமா எதனா தூக்குவீங்களா?”

“அப்பிடிலாம் ஒண்ணும் இல்ல சார்,” என்றாள் அம்மா. “வீட்டு வேலதான்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.