எட்டில் மூன்று

ரொட்டியை நான்காக வெட்டிய பிறகுதான் கணக்கு டீச்சர் வாயில் வைப்பார். மூன்று துண்டு தின்றதும் கையை நிறுத்தி, "சைபர் புள்ளி ஏழு அஞ்சு உள்ள போயிடுச்சு" என்பார். எதிரே இருக்கும் அறிவியல் டீச்சர் விடமாட்டார். "மிச்சத்தையும் தின்னுடுங்க டீச்சர், புள்ளி வச்சா வயிறு ரொம்பாது!"

கணக்கு டீச்சரும் வெடுக்கென்று பேசுகிறவர்தான். ஆனால் புரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் குரல் இறங்கிவிடும். பின்னத்தைத் தசமமாக்க அவருக்கென்று ஒரு பாட்டு உண்டு. "மேல் வீட்டுக்காரன் உள்ள வரணும், கீழ் வீட்டுக்காரன் வாசல்ல நிக்கணும்." மேலே உள்ள எண்ணைக் கீழே உள்ளதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். "ஆனா நம்ம வாய் இருக்கே, கீழ இருக்கறதைத்தான் முதல்ல சொல்லும். அங்கதான் குழி" என்று எச்சரிப்பார்.

அந்தக் குழியின் ஓரத்தில்தான் அன்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டு அரை வருடம் பள்ளிக்கு வராதவள். மூன்று வாரமாக மதிய இடைவேளையில் டீச்சர் அவளுக்குத் தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். தேறாவிட்டால் ஆறாம் வகுப்புக்கு இறக்கிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். "அங்க என் தங்கச்சி இருக்கா டீச்சர். அவ பக்கத்துல உக்காரச் சொன்னா நான் ஸ்கூலுக்கே வரமாட்டேன்" என்று அவளும் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்டவள்.

அவளைப் பலகை முன் நிறுத்திச் சோதிக்க வகுப்புக்கு வந்த தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நீங்க வாயே திறக்கக் கூடாது டீச்சர்" என்றார். பிறகு அவளிடம், "எட்டில் மூணு. தசமத்துல போடும்மா."

சாக்பீஸ் நகர்ந்தது. எட்டு உள்ளே போனது. மூன்று வாசலில் நின்றது.

இரண்டு, புள்ளி, ஆறு. மீண்டும் ஆறு. இன்னொரு ஆறு. பின் பெஞ்சில் ஒருவன், "ரயில் கிளம்பிடுச்சுடா" என்றான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் இருமக்கூட இல்லை. இருமினாலும் அது துப்புக் கொடுத்ததாகிவிடும். ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின.

"எங்கம்மா போய் முடியும் இது?" என்றார் தலைமையாசிரியர்.

ஏழாவது ஆறில் அவள் கை நின்றது. பலகையைப் பார்த்தபடி தனக்குள் முணுமுணுத்தாள். "எட்டுப் பங்குல மூணுதானே எடுக்கறேன்... ஒண்ணு கூட முழுசா தேறாதே. ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே மூன்றை உள்ளே போட்டு, எட்டை வெளியே நிறுத்தினாள். முப்பதில் மூன்று எட்டு போக ஆறு. அறுபதில் ஏழு எட்டு போக நான்கு. நாற்பதில் ஐந்து எட்டு. மீதி இல்லை. சைபர் புள்ளி மூன்று ஏழு ஐந்து என்று எழுதிவிட்டு, உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைத்தாள்.

தலைமையாசிரியர் இரண்டு கணக்கையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். "போய் உக்காரு. இங்கேயே உக்காரு" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

டீச்சர் பலகையருகே வந்து டஸ்டரை எடுத்தார். வரிசையாக நின்ற அந்த ஆறுகளைச் சற்று நேரம் பார்த்தார். டஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு, குனிந்து, பலகையின் அடிமூலையில் மிஞ்சியிருந்த துளி இடத்தில் அடுத்த கணக்கைப் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தார்.