இசக்கியம்மாளும் வியன்னா டாக்டரும்

தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்பக்கத் தெருவில் எட்டுப் படுக்கைகள் கொண்ட ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஆயாவாக இருந்தவள் இசக்கியம்மாள். கணவன் கனகராஜுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வேலை கிடைத்ததால் திருநெல்வேலிப் பக்கமிருந்து மெட்ராஸுக்கு வந்தவள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவளுடைய அக்கா தலைப்பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் போய்விட்டாள். அதனால் பிள்ளை பெற்றவள் உடம்பு சுட்டால் இசக்கியம்மாள் அவள் கட்டிலை விட்டு நகரமாட்டாள்.

1969 கோடையில் அந்த ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து மூன்று பேருக்கு அப்படிச் சுட்டது. ஒருத்தியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று வாரம் கழித்துப் பிழைத்து வந்தாள், ஆனால் பால் வற்றிவிட்டது.

அப்போது மயிலாப்பூரிலிருந்து சூடாமணி பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். பெண்கள் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். முதுகு தேய்த்துவிடும்போது இசக்கியம்மாள் காய்ச்சல் கதையைச் சொன்னாள். சூடாமணிக்குத் தான் படித்த ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது.

"வியன்னான்னு ஒரு ஊர். நூத்திருபது வருஷத்துக்கு முன்னாடி அங்கே பெரிய பிரசவ ஆஸ்பத்திரி. ரெண்டு வார்டு. ஒண்ணுல டாக்டர்கள் பிரசவம் பார்த்தா, இன்னொண்ணுல மருத்துவச்சிகள். எதுல நெறையப் பேர் செத்துப்போனா, சொல்லு?"

"மருத்துவச்சிங்க பாத்ததுலதான்."

"இல்லே. டாக்டர்கள் வார்டுல. எங்களை அந்த வார்டுல போடாதேங்கோன்னு பொம்மனாட்டிகள்லாம் அழுதாளாம். செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர் காரணத்தைக் கண்டுபிடிச்சார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோட டாக்டர்கள் நேரா பிரசவத்துக்கு வந்துண்டு இருந்தா. பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில கையை அலம்பச் சொன்னார். சாவு சடசடன்னு குறைஞ்சது."

"அவரைத் தலையில வச்சுக் கொண்டாடியிருப்பாங்களே."

சூடாமணி கையை விரித்தாள். "எங்க கையா அழுக்குன்னு பெரிய டாக்டர்களுக்குக் கோபம். வேலை போச்சு. கடைசியில பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் செத்தார்."

இசக்கியம்மாள் முதுகைத் தேய்த்தபடியே நினைத்துக்கொண்டாள். டாக்டருக்கே அந்தக் கதி என்றால் ஆயாவின் பேச்சு எங்கே எடுபடும்? ஆனால் மறுநாள் முதல் அவள் கண் பிரசவ அறை வாசலிலேயே இருந்தது. அங்கே ஒரு இரும்பு ஸ்டாண்டில் பீங்கான் பேசின். மருந்து கலந்த தண்ணீரைக் காலையில் ஒரு தரம் ஊற்றுவார்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலம், சாயங்காலம்தான் மாற்றுவார்கள். டாக்டர், நர்ஸ், உறவுக்காரர்கள் எல்லாரும் அதிலேயே கையை முக்கி, ஒரே துண்டில் துடைத்தார்கள். ஒருநாள், முக்கிய ஒவ்வொரு கைக்கும் பக்கத்து அலமாரியின் பின்பக்கம் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். இருட்டுவதற்குள் நாற்பத்தொரு கோடு.

வீட்டுக்குப் போய்க் கனகராஜிடம் கேட்டாள். "முழங்கையால தட்டினா தண்ணி விழணும். குழாய்ல கை படக்கூடாது. செஞ்சு தருவியளா?"

"ஆஸ்பத்திரில கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்பாங்க."

அவன் சிரித்துவிட்டுச் சம்மதித்தான். ஞாயிற்றுக்கிழமை, அடியில் குழாயும் முழங்கையால் தட்ட நீளப் பிடியும் வைத்த ஒரு தகர டிரம்மைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தான். அவள் பேசினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிரம்மை வைத்தாள். பக்கத்தில் சோப்பு, துவைத்து மடித்த சின்னச் சின்னத் துணிகள்.

திங்கட்கிழமை டாக்டர் சுந்தரராமன் வந்தார். ஆஸ்பத்திரி அவருடையது.

"பேசின் எங்கே?"

"நான்தான் எடுத்து வச்சேன் சார்."

"யாரைக் கேட்டு?"

அவள் அலமாரியை நகர்த்திக் கோடுகளைக் காட்டினாள். "ஒரே நாள்ல இத்தனை கை சார், அந்தத் தண்ணில. உங்க கையும் சேத்துத்தான்."

நர்ஸ் தரையைப் பார்த்தாள். டாக்டர் முகம் சிவந்தது. "பேசினைத் திரும்ப வை" என்றார். வைத்தாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள். ஆனால் அன்று சாயங்காலம் அவர் தானே வந்து, பேசின் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடி, பரிசோதனைக்குக் கொடுத்தனுப்பினார்.

நாலு நாள் கழித்துப் பரிசோதனை முடிவுத் தாள் வந்தது. நின்றபடியே படித்தார். அவளைக் கூப்பிட்டார்.

"அந்தத் தண்ணில கிருமி கொழிக்குது. மருந்து எப்பவோ செத்துப்போச்சு. உனக்கு யார் சொன்னது?"

வியன்னா கதையைத் தனக்குத் தெரிந்தபடி சொன்னாள். பேர் மட்டும் வாயில் நுழையவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "செம்மல்வைஸ். எங்க பாடப் புத்தகத்துல அரைப் பக்கம் இருந்தது. பரீட்சைக்குப் படிச்சேன், மறந்துட்டேன்." எழுந்து போய், மூலையில் ஒதுக்கியிருந்த டிரம்மின் பிடியை முழங்கையால் தட்டிக் கையைக் கழுவினார். "இனிமே கழுவாம யார் வந்தாலும் உள்ளே விடாதே. என்னையும் சேர்த்து."

ஒரு மாமியார் சண்டை போட்டாள். ஒரு வக்கீல் புகார் எழுதினார். அவள் வழிவிடவில்லை. அதன் பிறகு காய்ச்சலே வரவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷம் முழுக்க ஒரே ஒருத்திக்குத்தான் வந்தது, அதுவும் இரண்டே நாளில் இறங்கியது.

1973-இல் அடையாறில் புதிதாகத் தொடங்கிய ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டது. சுந்தரராமன் அவளை அனுப்பினார். வெள்ளை உடுப்பில் ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எல்லாரும் கையை நீட்டுங்க, பாப்போம்" என்றாள்.

ஒன்பது பேரும் நீட்டினார்கள்.