விசா வேண்டாம் என்று நம்பிப் போனேன்

எனக்காகச் செபித்த உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் ஆரோக்கியமேரி, தங்கச்சிமடத்தில் மீன் விற்கிறவள். கணவர் இல்லை. ஒரே மகள் அமலி இலங்கையில், மன்னாரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

போன கார்த்திகையில் அவளுக்குத் தலைப்பிரசவம். ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மாமியார் இல்லாத வீடு; பிரசவ வார்டுக்குள் மருமகனை விடமாட்டார்கள். "எப்பம்மா வாரே? பயமா இருக்கு" என்று போனில் அழுதாள்.

"இந்தியாக்காரங்களுக்கு இப்ப விசா ஃப்ரீ, அக்கா. பாஸ்போர்ட்ட எடுத்துட்டுக் கிளம்புங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். நம்பிக்கொண்டு மதுரை விமான நிலையத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தாள். "இது சீக்கிரம் முடியப் போகுதும்மா. இன்னும் ஆறு மாசமாவது செல்லுபடியாகணும். விசாவுக்குக் கட்டணம்தான் இல்ல. அனுமதி முன்னாடியே வாங்கணும்."

"எம் புள்ள அங்கன ஆஸ்பத்திரில கிடக்கும்மா."

"புரியுதும்மா. ஆனா ஏத்த முடியாது."

பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தேன். மன்னார் எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்தான். செபமாலையை எடுத்தேன், வாயில் செபம் வரவில்லை. "ஆண்டவரே, என்னால முடியல. நீங்க போங்க" என்று மட்டும் சொன்னேன். பஸ் ஏறி வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை அமலியின் நம்பரிலிருந்து வேறொரு குரல். "அக்கா, நான் புஷ்பம். மண்டபம் அகதி முகாம்ல இருந்தனே, உங்களிட்டத்தான் மீன் வாங்குவன்." இப்போது ஊர் திரும்பி மன்னாரில் இருக்கிறாளாம். ஆஸ்பத்திரியில் இருக்கிற தங்கச்சிமடத்துப் பெண்ணுக்காகச் செபிக்கும்படி, என் மருமகன் கேட்டுக்கொண்டதால் அங்கே கோயிலில் சாமியார் சொன்னதைக் கேட்டு, விசாரித்துப் போயிருக்கிறாள். "பதறாதீங்க அக்கா. நீங்க வாற மட்டும் பிள்ளைய விட்டு அசையமாட்டன்."

அசையவில்லை. ஆபரேஷன் நடந்தபோது வாசலில் நின்றவள் அவள்தான். என் பேத்தியை முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான். அதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் வலிக்கிறது. ஆனாலும் அன்று முழங்காலில் நின்று நன்றி சொன்னேன்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அனுமதி வாங்கி, நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மூன்று மாதம் ஆகி, கழுத்து உறுதியாக நின்றிருந்தது. முன்பெல்லாம் கேட்டதைக் கேட்டபடியே தரச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பேன். இப்போது அவர் தருகிறபடி வாங்கிக்கொள்கிறேன்.

அலைந்து ஓய்ந்துபோய் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவர்களே, நீளமான செபம் வராவிட்டால் பரவாயில்லை. முடியவில்லை என்று மட்டுமாவது அவரிடம் சொல்லிப் பாருங்கள். என் குரலைக் கேட்டவர் உங்கள் குரலையும் கேட்பார்.