சாயங்காலக் காய்ச்சல்

அக்காவின் வயிறு வீங்க ஆரம்பித்தபோது அத்தான் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். கணவன் இல்லாதவள் அப்படியொரு வயிற்றோடு சங்கரன்கோவில் தெருவில் குடம் எடுத்து நடக்க முடியுமா? முதலில் ஜாடையாகச் சிரித்தார்கள். கையும் காலும் குச்சியாக வற்றி, வயிறு மட்டும் வளர்ந்துகொண்டே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. "செத்தவன்தான் உள்ள வந்து படுத்துக்கிடுதான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அதற்குப் பிறகு எங்கள் வாசலில் யாரும் நின்று பேசவில்லை.

நானும் அதை நம்பினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எதைக் கேட்டாலும் பயப்படுகிறவள். விளக்கேற்றும் நேரத்தில் அக்காவின் கன்னம் இரண்டும் சிவக்கும். கல்யாணத்தன்று இருந்த மாதிரி அழகாகிவிடுவாள். தொட்டால் சுடும். அப்புறம் சேலை நனைய வேர்த்து, பழையபடி வெளிறிப்போவாள். தினமும் அதே நேரம். யாரோ வந்துவிட்டுப் போவதுபோல இருக்கும்.

அம்மா அவளைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் சக்கரக் குழி உண்டு; பேய் பிடித்தவர்களை அதில் உட்காரவைப்பார்கள். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவள் தலைவிரித்து ஆடினாள். அக்கா ஆடவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்தபடி, உள்ளே இருப்பதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"இது போகாதுட்டி."

மறுவாரம் பஸ் ஏறி ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளம்பும் முன் அம்மா என்னைத் தனியே அழைத்து, காய்ச்சலைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்றாள். அத்தான் அவர் ஊரில் இருமி இருமி இரத்தம் கக்கித்தான் செத்தார். எங்கள் தெருவுக்கு மாரடைப்பு என்று சொல்லிவைத்திருந்தோம். க்ஷயம் என்று பெயர் விழுந்தால் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? எனக்கு வாசுதேவநல்லூரில் இடம் பேசியிருந்தார்கள்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்தியும் தட்டியும் பார்த்தார். நீர் கோத்திருக்கிறது, அடியில் ஒரு கட்டியும் கைக்குத் தட்டுகிறது என்றார்.

"சாயங்காலம் காய்ச்சல் அடிக்கா? வீட்ல யாருக்கும் இருமல் உண்டா?"

இல்லை என்று தலையாட்டினேன். காலை நேரம், அக்காவின் உடம்பு குளிர்ந்துதான் இருந்தது. படுத்தபடியே அவள் என்னைப் பார்த்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

சூலகத்தில் புற்று மாதிரித் தெரிகிறது, இவ்வளவு நீர் கோத்தபிறகு வெட்டியும் பிரயோஜனமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா எங்களை அனுப்பிவிட்டார்.

சாயங்காலப் பஸ்ஸுக்காக ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். வெயில் சாய்ந்தது. அக்காவின் கன்னம் மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். நான் உதறிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா மரத்தடிக்கே வந்து அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏட்டி, அக்காவச் சாவக் கொடுத்துட்டு நீ மாலை மாத்திக்கிடப் போனியா?"

நீர், கட்டி, மெலிவு எல்லாம் இரண்டு நோய்க்கும் உண்டு, கையால் தொட்டுப் பிரித்தறிய முடியாது, நீ மறைத்த காய்ச்சலும் இருமலும்தான் எனக்கு வழிகாட்டியிருக்கும் என்றார். இரண்டு நாள் கழித்து வயிற்றைத் திறந்தார்கள். குடல் முழுக்கத் தினையைத் தூவிய மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்ததாம். புற்றும் அப்படித் தூவிக் கிடப்பதுண்டு என்பதால் ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரப் பத்து நாள் ஆயிற்று.

"புத்து இல்ல. டி.பி.தான், க்ஷயம். ஊசி போட்டா பிழைச்சுக்கிடுவா."

எந்தப் பெயருக்குப் பயந்து என்னைப் பொய் சொல்ல வைத்தாளோ, அதே பெயரைக் கேட்டு அம்மா கைகூப்பி அழுதாள். புருஷனிடமிருந்து தொற்றி இத்தனை வருஷம் உள்ளே தூங்கியிருக்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். எதிர்வீட்டுக்காரி சொன்னதற்கும் இதற்கும் ரொம்பத் தூரமில்லை.

மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். வயிறு வற்றியது, காய்ச்சல் வருவது நின்றது. வாசுதேவநல்லூர்ப் பேச்சும் நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு டாக்டரம்மா கேட்டபோது மேஜையில் படுத்துக்கொண்டு அக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் இன்னும் என்னை அரிக்கிறது. என் கல்யாணத்துக்காகவா, உள்ளே படுத்திருந்த அத்தானுக்காகவா? நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.