ஒன்பது சுருளில் ஒரு தேவாலயம்

துபாய் தேராவில் மீராசாவின் ஸ்டுடியோ ஒரு கதவு அகலம்தான். கீழக்கரையிலிருந்து வந்து ஏழு வருடமாக அங்கே பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் முக்காலியில் உட்காருவார்கள், நிமிரச் சொன்னால் நிமிர்வார்கள், போய்விடுவார்கள். சில நாட்களில் "நிமிருங்க, அசையாதீங்க" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு பேச்சே வந்திருக்காது. மனைவி அஸ்மத் பீவியின் கடிதம் மாதத்துக்கு ஒன்று வரும்.

எழுபத்தைந்து செப்டம்பரில் லூச்சியானோ என்ற இத்தாலிக்காரர் ஒன்பது ஃபிலிம் சுருள்களோடு வந்தார். துறைமுக சைட்டில் சர்வேயர். லீவில் போனவர், தன் மலையுச்சிக் கிராமத்துத் தேவாலயச் சுவர்களை அங்குலம் விடாமல் கருப்பு வெள்ளையில் எடுத்து வந்திருந்தார். அறுநூறு வருடத்துக்கு முன்னால், சுண்ணாம்பின் ஈரம் காய்வதற்குள் தீட்டிய சித்திரங்களாம். கேம்ப் ரூமில் கண் விழித்தால் பலகைச் சுவர்தான் தெரிகிறது, அதில் ஒட்டத்தான் என்றார்.

பக்கத்துக் கடிகாரக் கடை அகமது கபீருக்கு இது பிடிக்கவில்லை.

"பள்ளிவாசலுக்குப் போற ஆளு, இதெல்லாம் கழுவலாமா காக்கா?"

"நான் ஃபிலிமைத்தான் கழுவுறேன் தம்பி. உள்ள இருக்கறது அவங்க பாடு."

சொன்னாரே ஒழிய, மருந்துத் தட்டில் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தபோது மீராசாவால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு சுவர் முழுக்க ஒரு ராட்சத மனிதன், தோளில் குழந்தையைச் சுமந்து ஆற்றைக் கடக்கிறான். காலைச் சுற்றி மீன்கள்.

"இவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அன்றைக்குச் சாவு வராது என்பார்கள்" என்று லூச்சியானோ உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு சுவரின் அடியில் பளபளத்த ஓரிடத்தைக் காட்டினார். "இது அம்மா நிற்கிற இடம். சாய்ந்து சாய்ந்து சுண்ணாம்பே வழுவழுத்துவிட்டது."

நான்கு படங்களைக் கேம்புக்கு எடுத்துக்கொண்டு, மற்றதை அம்மாவுக்கு அனுப்பினார். கேம்ப் சூட்டில் கெட்டுப்போகும் என்று நெகட்டிவ்களை ஏசி இருக்கும் ஸ்டுடியோவிலேயே விட்டுவைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் வந்து டீ குடிப்பார். இருவருக்கும் பொதுவாக இருந்தது நூறு சொற்கள். அது போதுமானதாக இருந்தது.

அடுத்த மே மாதம் வட இத்தாலியில் நிலநடுக்கம் என்று ரேடியோ சொன்னது. ஐந்தாம் நாள் லூச்சியானோ வந்தார். தாடி மழிக்கவில்லை.

"அம்மா மாஃபி" என்றார், 'இல்லை' என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் அரபிச் சொல்லில். பிறகு, "சர்ச் மாஃபி" என்றார்.

மீராசா முக்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்திலேயே நின்றார். தேவாலயத்தின் சுவர்கள் கைப்பிடியளவுத் துண்டுகளாகக் கிடக்கின்றனவாம். ஊரார் பொறுக்கி ஒரு கொட்டகையில் பரப்பிவைத்திருக்கிறார்கள். எது எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு படம்கூட அங்கே மிஞ்சவில்லை.

"நெகட்டிவ் இருக்கிறதா?"

மீராசா தகர டப்பாவை எடுத்து வைத்தார். முந்நூற்று இருபத்து நான்கு படங்கள்.

கடையைப் பத்து நாள் சாத்தினார். குழாய்த் தண்ணீர் கொதித்ததால் ஐஸ் வாங்கி வந்து மருந்தைக் குளிர வைத்து, ஒவ்வொன்றையும் பெரிய தாளில் போட்டார். லூச்சியானோ ஒவ்வொன்றின் பின்னாலும் சுருள் எண்ணும் பட எண்ணும் எழுதினார். வழுவழுத்த இடம் வந்தபோது அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதவில்லை. மீராசா அடுத்ததைக் கழுவாமல் காத்திருந்தார்.

படங்களை அடுக்கிய பெட்டியோடு லூச்சியானோ இத்தாலிக்குப் போய்விட்டார். கடை திறந்தது. மீராசா ஊருக்கு இதையெல்லாம் நான்கு பக்கம் எழுதினார். அஸ்மத் பீவியின் பதிலில் கூரை ஒழுகும் சேதி இருந்தது, படங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த முகங்களைப் பற்றிப் பேச துபாயில் இனி ஆளில்லை.

எழுபத்தெட்டில் ஒரு உறை வந்தது. அனுப்பியவர் அந்த ஊர்ப் பாதிரியார். லூச்சியானோ லிபியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார், விலாசம் தெரியாது என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு படம்: புதுச் சுவரில் ராட்சதன் நின்றான், கிடைக்காத துண்டுகளின் இடம் வெறும் வெள்ளையாக. கபீர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஒட்டிருக்காங்க" என்று திருப்பிக் கொடுத்தான்.

மீராசா படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அன்று மதியமே, வாழ்க்கையில் முதல்முறையாக, பாதிரியாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார்: "படம் கிடைத்தது. முகம் சரி. இடது காலருகே ஒரு மீன் தலைகீழாக ஒட்டியிருக்கிறது. ஆறாம் சுருள், பதினோராம் படம் பார்க்கவும்."

தபாலில் போட்டுவிட்டுத் திரும்பியபோது கடை வாசலில் ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்தார்.