டிரைவருக்குத் தலை சுற்றலாமா?

போன வருடம் பலாப்பழ சீசனில், சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பஸ்ஸில் நடந்தது இது. ரிட்டயர் ஆகும் வரை அதே ரோட்டில் பஸ் ஓட்டியவன் நான். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. வளைவில் தலை சுற்றி வாந்தி எடுக்கும் வெளியூர்க்காரர்களைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்த ஆள்.

அதற்குச் சில நாள் முன்புதான் சேலத்தில் எனக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வை வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "கண் இருட்டினாலோ தலை சுத்தினாலோ உடனே வந்துடணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோதே ஒரு தடவை கண் இருட்டியது. பசியாக இருக்கும் என்று ஒரு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். வளைவுகள் ஆரம்பித்ததும் மறுபடி இருட்டியது. பக்கத்திலிருந்த மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. வளைவில் எனக்குத் தலை சுற்றுகிறது என்று தெரிந்தால் மலையே சிரிக்குமே என்பதுதான் என் கவலை. உயிரைப் பற்றிய கவலை வரவில்லை, பாருங்கள்.

முன் சீட்டில் இருந்த பெண் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். எனக்கு வந்ததே கோபம்! வேண்டாம் என்று வெடுக்கென்று சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "டிரைவரண்ணனுக்கே தலை சுத்துதுங்களா? யானைக்கும் அடி சறுக்குமுங்க!" என்றார். பஸ்ஸே சிரித்தது.

என் மனைவி சிரிக்கவில்லை. "ஏனுங்க, இத்தன வருசமா சுத்தாத தலை இன்னைக்கு ஏன் சுத்துது? டாக்டர் சொன்னது மறந்து போச்சுங்களா? எறங்குங்க, திரும்பிப் போலாம்" என்றாள்.

"சும்மா இரு. ஊட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாப் போயிரும்" என்றேன். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது பஸ் ஒரு வளைவில் நின்றிருந்தது. மேலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த வேன் ஒன்றை மறித்து, பஸ்ஸில் வந்தவர்கள் பழங்களை ரோட்டோரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேன்காரரும், "பழம் கெடந்தா கெடக்குது, ஆள ஏத்துங்க" என்று அவசரப்படுத்தினார். என்னைக் கேலி செய்தவர்தான் முதல் ஆளாக என்னைத் தூக்கினார். பழத்தைக் குரங்குகள் சும்மா விடாதே என்று யாரோ சொல்ல, அவரே அங்கே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு பஸ் மேலே போனது, நாங்கள் வேனில் கீழே இறங்கினோம்.

வழியில் இன்னும் இரண்டு தடவை நினைவு தப்பியது. வாழ்நாள் முழுக்க 'ஏனுங்க' என்று மட்டுமே கூப்பிட்ட மனைவி, என் கன்னத்தைத் தட்டித் தட்டி, "கண்ணத் தொறங்க சாமி" என்று அழுதாள்.

யாரோ போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் காத்திருந்தது. அதில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்சாரம் போகிற பாதை, அந்த வால்வுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். புது வால்வு அதை அழுத்தியதால் துடிப்பு விட்டு விட்டு நின்றிருக்கிறது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே பேஸ்மேக்கர் வைத்து என்னைப் பிழைக்க வைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் மலை மேலே சோளக்காடு என்ற ஊரில் அந்தக் கேலிக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "அட, விடுங்கண்ணா. கொரங்கு ரெண்டு பழத்தத் தின்னுருச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

அன்று யார் யாரோ என் உயிருக்காகத் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு நின்றார்கள். நான் செய்ய வேண்டியிருந்தது, 'எனக்கு முடியவில்லை' என்று வாய் திறந்து சொல்வது ஒன்றுதான். அதைச் சொல்லக்கூட எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லையே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.