ஸ்டேஷனுக்கு நாலு மைல், பனியில் சைக்கிளில்

பனிக்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போக எனக்கொன்றும் ஆசையில்லை. போன ஜனவரியில் என் மனைவி மாலதிக்கு வேலை கிடைத்தது, அதனால் போனேன். இந்த நாட்டில் வேலை பார்க்க விசா அனுமதி வரும் வரும் என்று ஆறு வருடம் வீட்டில் காத்திருந்தவள். அவள் வேலை பார்க்கும் லேப் இருப்பது பஸ் போகாத இடத்தில். எங்களிடம் இருப்பதோ ஒரே கார். எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து ரயில் ஸ்டேஷன் நாலு மைல்தான், காரை நீ எடுத்துக்கொள் என்று பெரிய மனிதனாகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் பார்க்கலாம், உங்களால் முடியாவிட்டால் நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள்.

பனியில் வழுக்காத, ஆணி பதித்த டயர் ஜோடி நூற்றைம்பது டாலர். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், இல்லையென்றால் பாதி வழியில் வியர்த்துவிடும். ஹெல்மெட்டுக்குள் மங்கி கேப் போடலாம். சிரிப்பவர்கள் காருக்குள் இருந்துதான் சிரிக்கிறார்கள்.

மூன்று நாள் ஒழுங்காகப் போனது, நாற்பது நிமிடத்தில். நாலாம் நாளுக்கு முந்தின இரவு செயின் ஆயில் தீர்ந்திருந்தது. நாகர்கோவிலில் நாங்கள் எதற்கும் போடுவது தேங்காய் எண்ணெய்தானே, செயினுக்கும் தாராளமாக ஊற்றினேன். வீட்டுக்குள் ஹீட்டர் சூட்டில் நன்றாக ஓடியது. வெளியே இருபது டிகிரி ஃபாரன்ஹீட், தண்ணீரே உறையும் குளிர். இரண்டு மைலில் எண்ணெய் மெழுகாக உறைந்து செயின் இறுகிவிட்டது. இறங்கித் தள்ளினேன்.

மாடி வீட்டு அங்கிள் காரை நிறுத்தினார். "தப்பா நினைக்காதீங்க தம்பி, லே ஆஃப் பண்ணிட்டாங்களா?" இல்லை, மனைவி காரில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவர் முகம் இன்னும் வாடிவிட்டது. சைக்கிள் அவர் காரில் ஏறாது என்பதால் நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். ரயில் போய்விட்டது, மீட்டிங்கும் போச்சு.

மாலை நான் வீடு திரும்புவதற்குள் அங்கிள் மூலம் சேதி வந்து சேர்ந்திருந்தது. "போதுங்க. வேலைய விடறேன்னு மெயில் போட்டுடறேன்," என்றாள் மாலதி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எண்ணெய மாத்தி ஊத்தினது நான். அதுக்கு நீ ஏன் வேலைய விடணும்?"

என்ன எண்ணெய் என்று கேட்டாள். சொன்னேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். இருவருமாகச் செயினைப் பாத் டப்பில் போட்டு வெந்நீரில் கழுவினோம். மெயில் போகவில்லை.

குளிர்காலச் செயின் ஆயில் கடையில் பத்து டாலர், வாங்கி வையுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். பின்விளக்கு பகலிலும் எரியட்டும்.

மறுநாளும் பனி கொட்டியது. பெரிய சிக்னலுக்கு முன்னால் எங்கள் கார் என்னைத் தாண்டியது. நிறுத்தி, ஏறிக்கொள்ளுங்கள் என்பாளோ என்று பயந்தேன். ஹாரன்கூட அடிக்காமல் இடதுபக்கம் திரும்பி வேலைக்குப் போய்விட்டாள். அப்பாடா என்றிருந்தது.